வெந்நீர் அட்டைக்கு ஒன்பது பேர்

ஷார்ஜாவில் குளிருகிறது என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பாலைவனத்தில் என்ன குளிர் என்று சிரிப்பார்கள். மொட்டை மாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீரை விடிகாலை நாலு மணிக்குத் தலையில் ஊற்றிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். கோடையில் அதே குழாயில் கை வைக்க முடியாது, கொதிக்கும். அப்போதெல்லாம் ஹீட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, கட்டடத்துக்குள் நிழலில் கிடக்கும் அதன் வயிற்றுத் தண்ணீரைப் பிடித்துத்தான் குளிப்பார்கள். டிசம்பர் பிறந்தால் எல்லாம் தலைகீழ்.

சனையா என்று எல்லாரும் சொல்லும் தொழில்பேட்டையில், டயர்க் கடைகளுக்குப் பின்னால், கிளீனிங் கம்பெனியின் பெண்கள் எண்பது பேர் தங்கும் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் இரண்டாம் மாடி, ஏழாம் நம்பர் ரூம், மேல் கட்டிலில் இருந்தவள் வடிவு.

வடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் கோவில்பட்டிப் பக்கம். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு நின்றுபோனது. ஷார்ஜாவுக்கு வந்து பதினோரு வருடம். அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். “என்னது?” என்று யாராவது திருப்பிக் கேட்டால் மீதிப் பாதியையும் முழுங்கிவிடுவாள். செல்போனையும் சைலன்ட்டில்தான் போட்டு வைத்திருப்பாள். அதனால் கட்டடம் முழுக்க அவளுக்குப் பெயரே சைலன்ட் அக்கா.

வாய் செய்யாத வேலையையும் சேர்த்துக் கண் செய்தது. அவளுக்கு டூட்டி தங்கக் கடைகள் மட்டுமே உள்ள ஒரு கட்டடத்தில். தரை துடைப்பாள், கண்ணாடி துடைப்பாள். கைப்பையை இறுக்கிப் பிடித்து வருகிறவர்கள் வாங்குவார்கள், வீசிக்கொண்டு வருகிறவர்கள் விலை கேட்டுவிட்டுப் போவார்கள் என்று படியேறும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருடத்தில் ஒரு குந்துமணி தங்கம் வாங்கியதில்லை. ஆனால் இருபத்திரண்டு காரட் எது, முலாம் எது என்று பத்தடி தூரத்திலிருந்து சொல்லுவாள். யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கனகாவின் வளையல்களைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். கனகா கீழ்க் கட்டில்காரி, வடிவுக்கு ஐந்து வருடம் மூத்தவள், தேவகோட்டைக்காரி. கையில் நாலு வளையல். “எட்டுப் பவுனு. எங்க வீட்டுக்காரரு இருந்தப்பச் செஞ்சது” என்று புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லுவாள். வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி தின்றுவிட்டு எல்லாரும் அசந்து தூங்கும்போது, போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்த வளையல்களுக்கு நிறமில்லாத நெயில்பாலிஷ் அடிப்பாள். அடிக்காவிட்டால் கவரிங் கறுத்துவிடும், மணிக்கட்டில் பச்சையாகக் கோடு விழும். மேல் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருக்கும் வடிவுக்கு நெயில்பாலிஷ் வாசம் வரும். வாசம் போகும் வரைக்கும் வடிவு தூங்குகிற மாதிரியே கிடப்பாள்.

இரண்டாயிரத்து எட்டு டிசம்பரில் கம்பெனி கையைச் சுருக்கியது. கட்டடத்துக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லையாம். போன வருடம் வரை குளிர்காலத்தில் எல்லாருக்கும் வெந்நீர் வந்தது. இனிமேல் ஒரே ஒரு குளியலறையில்தான் ஹீட்டர் ஓடும். அதுவும் ஐம்பது தாண்டியவர்களுக்கு, அதிலும் வசதி இல்லாதவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு மஞ்சள் அட்டை ஒன்று தருவார்கள். அட்டையைக் காட்டினால் வாட்ச்மேன் கதவைத் திறப்பான்.

வசதியை எப்படி அளப்பது? சம்பளமோ எல்லாருக்கும் ஒன்று. ஹெட் ஆபீசில் யாரோ மூளைக்காரர் தங்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு பவுனுக்கு மேல் வைத்திருப்பவள் வசதிக்காரி.

கேட்டு எழுத வந்தவர் பத்மநாபன், கேம்ப் என்று சொல்லும் கம்பெனித் தங்குமிடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. ஸ்வெட்டர் போட்ட நல்ல மனிதர். ஆனால் மெஸ் ஹாலில், சாப்பாட்டு நேரத்தில், எண்பது பேர் நடுவே மேசை போட்டு உட்கார்ந்து, உரக்கக் கேட்டார்.

“ஐம்பது தாண்டினவங்க ஒன்பது பேரும் வரிசையா வாங்க. தாலி கணக்குல இல்ல. மத்தபடி தங்கம் இருக்கா, இல்லையா?”

முதலில் போனவள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ், காயல்பட்டினத்துக்காரி. எண்பது பேரும் சோற்றை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ஏன் இல்லாம? மூணு பவுன் இருக்கு.”

அடுத்தவளுக்கு நாலு. கனகா வளையல் குலுங்கக் கையைத் தூக்கிக் காட்டினாள். “எட்டு. எழுதிக்கங்க சார்.”

வடிவின் முறை வந்தது. கழுத்தில் கிடந்த செயினை அவள் ரோலா கடைத்தெருவில் ஒரு பத்துத் திர்ஹாம் கடையில் வாங்கியிருந்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பின்னால் எண்பது ஜோடிக் கண். “ரெண்டு” என்றாள். அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவை சொன்னது சொன்னபடி ஒருவர் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். பத்மநாபன் ‘2’ என்று எழுதிக்கொண்டார்.

கடைசியில் பேனாவை மூடிவிட்டு, “பரவால்லம்மா, எல்லாரும் நல்லா இருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்” என்றார். ஒன்பது பேரில் ஒருவருக்கும் அட்டை இல்லை. ஹீட்டர் சுவிட்சுக்கு ஒரு பெட்டி செய்து பூட்டிவிட்டார்கள்.

மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குளித்தார்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் தலைக்கு ஊற்றாமல் டூட்டிக்குக் கிளம்ப யாருக்கும் மனம் வரவில்லை. குளச்சல்காரி தேவகனி, ஐம்பத்தேழு வயது, கட்டடத்திலேயே பெரிய தொண்டை, முதல் வாளிக்கு “மாதாவே!” என்று போடுகிற கூச்சலில்தான் மூன்று மாடியும் விழித்தது.

கனகாவுக்குத்தான் அது வெறும் குளிராக இல்லை. அவள் விரல்கள் பச்சைத் தண்ணீர் பட்டால் கொக்கி மாதிரி மடங்கிக்கொள்ளும். முன்பெல்லாம் வெந்நீரில் பத்து நிமிடம் கையை அமுக்கி வைத்திருந்தால் பூ மலர்கிற மாதிரி விரிந்துவிடும். இப்போது மடங்கிய கையோடுதான் ஐந்து மணி பஸ் ஏறினாள். தங்கக் கட்டடத்தில் அவளும் வடிவும் ஒரே தளம். முதல் வாரத்திலேயே இரண்டு தடவை மாப் குச்சி நழுவித் தரையில் படாரென்று விழுந்தது. சூப்பர்வைசர் வந்து நின்றான்.

“இன்னொரு வாட்டி விழுந்தா மெடிக்கல் அன்ஃபிட். விசா கேன்சல். கலாஸ், எல்லாம் முடிஞ்சது.”

அவன் போனதும் வடிவு டீயை வாங்கி வந்து, அந்தக் கப்பைக் கனகாவின் இரண்டு கைக்கும் நடுவே வைத்து அமுக்கினாள்.

“அக்கா, அந்த சார்கிட்ட…”

“என்னத்தச் சொல்லச் சொல்ற?” கனகா வெடுக்கென்று கேட்டாள். “எங்கிட்ட எட்டுப் பவுன் இருக்குல்ல.”

வடிவு வளையலைப் பார்க்காமல் டீயைப் பார்த்தாள்.

அன்று மாலை ஆபீஸ் வாசலில் பத்மநாபன் காரில் ஏறப்போகும்போது வடிவு ஓடிப்போய் முன்னால் நின்றாள். என்ன சொல்வது? கனகாவுடையது கவரிங் என்றா? போர்வைக்குள் மறைத்து அடித்த நெயில்பாலிஷை நடுத்தெருவில் எடுத்துக் காட்டுவதா?

“என்னம்மா? லீவா?”

“இல்ல சார்… வெந்நி…”

“என்னது?”

“ஒண்ணுமில்ல சார்.”

“ஏதாவது மாத்தணும்னா வெள்ளிக்கிழமை வர்றேன், கையெழுத்து வாங்க. அவங்கவங்களே சொல்லணும். அதுக்கப்புறம் லிஸ்டு ஹெட் ஆபீஸ் போயிடும்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மெஸ் ஹாலில் அதே மேசை, அதே ஸ்வெட்டர். மூலையில் டிவி அலறிக்கொண்டிருந்தது. பத்மநாபன் ஒவ்வொரு பெயராகப் படித்தார். முதல் பெயர் கனகா. கனகா போய்ப் பேனாவை எடுத்தாள். விரல் பிடிக்கவில்லை. பேனா மேசையில் விழுந்து உருண்டது. எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்து, கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

“சார், என்னுது கவரிங்” என்றாள் வடிவு.

யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றாள்.

“சார், என்னுது கவரிங்.”

“யாரு? என்னம்மா?” பத்மநாபன் காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

வடிவு அடிவயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்தாள். அவள் வாயைத் திறந்த அதே நேரம், சார் பேச்சு கேட்கவில்லை என்று யாரோ டிவியை அணைத்தார்கள்.

“கவரிங்!”

அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வடிவு கழுத்துச் செயினைக் கழற்றி மேசையில் போட்டாள். “பூரா கவரிங்குதான் சார். ரெண்டு பவுனுன்னு சொன்னது பொய்யி. எனக்கு வெந்நி வேணும்.”

முதலில் சிரித்தது தேவகனி. “ஏ பிள்ளே, சைலன்ட்டு! இந்தத் தொண்டைய எங்கட்டி பூட்டி வெச்சிருந்தே? ரெண்டு வருசமா இந்தச் செயினப் பாத்து நான் வெந்துட்டுல்லா கெடந்தேன்!”

ஹாலே குலுங்கியது. அந்தச் சிரிப்பில் கேலி இல்லை என்று தெரிந்ததும் ஃபிர்தௌஸ் எழுந்தாள். “நானும் சொல்லிர்றேன். என் மூணு பவுன் போன மாசமே பல்லிளிச்சுட்டு. அதான் கழுத்த மூடிக்கிட்டுத் திரியுறேன்.”

“உன்னுது பல்லிளிக்கவாவது செஞ்சுச்சு. என்னுது குளிக்கையில அத்துப்போயி சல்லடையில கெடக்கு!”

“என் காதுத் தோட்டப் பாருங்கடி, ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளி!”

எவளுடையது மட்டம் என்று போட்டியே வந்துவிட்டது. ஐம்பது ஆகாதவர்கள்கூடச் சும்மா இருக்க முடியாமல் கழற்றிக் கழற்றி மேசையில் போட்டார்கள். பத்மநாபன் இரண்டு கையாலும் லிஸ்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா” என்று கத்தினார்.

கனகா மட்டும் பேனாவோடு குனிந்தபடியே நின்றாள். மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. எல்லாரும் அந்த நாலு வளையல்களைப் பார்த்தார்கள். வடிவு மட்டும் பார்க்கவில்லை. தரையில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனகா நிமிர்ந்தாள். மேசையில் கிடந்த வடிவின் செயினை மடங்கிய விரலால் கொக்கி போட்டுத் தூக்கினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“ஏன் வடிவு, இத எம்புட்டுக்கு வாங்குன?”

“பத்துத் திர்ஹாம்க்கா. ரோலாவுல.”

கனகா உதட்டைப் பிதுக்கினாள். “ஏமாத்திப்புட்டான் ஒன்ன. நான் எட்டுக்கு வாங்குனேன். ஒண்ணு இல்லடி, நாலு வளையலும் சேத்து எட்டு!”

ஒரு நொடி ஆயிற்று அது எல்லாருக்கும் உறைக்க. பிறகு எழுந்த கூச்சலில் கீழே இருந்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டான். கனகாவுக்குக் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. “பேரம் பேசத் தெரியணும்டி! அதோட, வாங்குனா மட்டும் போதுமா? வாரா வாரம் நெயில்பாலிஷ் அடிக்கணும். கலரில்லாத நெயில்பாலிஷ், ரெண்டு கோட்டிங்கு. வடிவுக்குத் தெரியும், அஞ்சு வருசமா மோந்துக்கிட்டுத்தான கெடக்கா!”

வடிவுக்கு முகம் சிவந்தது. “தூங்குவேன்க்கா நான்” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

பத்மநாபன் எல்லார் எண்ணையும் அடித்துப் பூஜ்யம் போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் தேவகனி மட்டும் பாக்கி.

“உங்களோடதும் கவரிங்தானேம்மா?”

தேவகனி துக்க வீட்டில் நிற்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்தாள். அதை யாரும் இதுவரை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. பாலிஷ் இல்லாமல் மங்கிக் கிடந்தது. அவளும் அதைப் பற்றிப் பெருமை பேசியதில்லை. வடிவு ஒருத்திக்குத்தான் தெரியும்.

“என்ன செய்ய மக்களே, என்னுது பவுனாப் போச்சே! மூணரை! எழுதும் சார், நான் வசதிக்காரியாக்கும். பச்சத் தண்ணியில குளிச்சுச் சாவுதேன்.”

சனிக்கிழமை விடிகாலை நாலு மணி. குளியலறை வாசலில் மஞ்சள் அட்டையோடு எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். கதவிடுக்கு வழியாக ஆவி வந்து வராந்தா விளக்கை மறைத்தது. ஒன்பதாவதாகத் தோளில் துண்டோடு தேவகனி வந்து, கொஞ்சம் தள்ளி, பச்சைத் தண்ணீர்க் குழாயடியில் வாளியை வைத்தாள்.

“வசதிக்காரம்மா, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள் கனகா. “என் அட்டையில ரெண்டு வாளின்னு போட்டிருக்கு.”

“அட்டையில எங்கட்டி போட்டிருக்கு?”

“ஒனக்கு இங்கிலீஷு தெரியுமா? எனக்கும் தெரியாது. வா.”

வாட்ச்மேன் வேண்டுமென்றே வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே தேவகனி முதல் வாளியை ஊற்றிக்கொண்டு போட்ட “மாதாவே!”யில் அன்றைக்குக் குளிர் இல்லை. வடிவு வாளி நிறையப் பிடித்துக் கனகாவின் முன்னால் வைத்தாள். கனகா இரண்டு கையையும் உள்ளே விட்டாள். வளையல்கள் வாளி விளிம்பில் ஒரு தடவை தட்டி, பிறகு அமுங்கின. சுண்டு விரல் முதலில் விரிந்தது.

ஒன்பதரை மணிக்குத் தங்கக் கட்டடத்தில் கடைக்காரர்கள் தட்டுத் தட்டாக நகையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் இரண்டு தடவை நடந்து பார்த்தான். கனகா மாப்பை முறுக்கிப் பிழிந்தாள், சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனான்.

கனகா குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு வடிவு துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். உள்ளே விளக்கடியில் ஒரு ஜோடி வளையல் இருந்தது. தன் கையை அதற்கு நேராக வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லு வடிவு. எது மினுங்குது?”

வடிவு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எவ்வளவோ தங்கம் பார்த்த கண்.

“எட்டுத் திர்ஹாந்தான்க்கா” என்றாள். தெளிவாகக் கேட்டது.