அரைஞாண் கயிற்றின் கீழ்

குற்றாலத்தில் சாரல் முடிந்திருந்தது. மேலகரத்துத் தோப்பில் மண்டிக் கிடந்த புதரை நானே நின்று வெட்டினேன். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருவதுதானே என்று கஷாயத்தைக் குடித்துவிட்டுக் கிடந்தேன். பிறகு மேல்வயிற்றில் ஒரு வலி பிடித்து, முதுகு வரைக்கும் குத்தியது. குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. வில்வண்டியில் போட்டுத் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கணையம் வீங்கியிருக்கிறது, குடிகாரர்களுக்கு வருகிற வலி இது என்றார்.

"மறைக்காமச் சொல்லும் ஓய், குடிப்பீரா?"

"தொட்டதே இல்லய்யா."

அவர் நம்பவில்லை. இங்கே மதுவிலக்கு, மலையைத் தாண்டினால் கள்ளுக்கடை. நானோ பாக்கு வாங்க அடிக்கடி புனலூர் போய் வருகிறவன். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதானே சொல்வார்கள். பிழைப்பேனா என்பதைவிட, பக்கத்தில் நின்ற என் மனைவி என்ன நினைக்கிறாள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. அவள் என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

மறுநாள் என் அரைஞாண் கயிற்றின் கீழே ஒரு கறுத்த பொருக்கு டாக்டர் கண்ணில் பட்டது. அவளைப் பார்த்துக் கத்தினார்.

"வயித்து வலிக்குச் சூடு போட்டியாக்கும்? புத்தி இருக்கா?"

அப்போதெல்லாம் அது வழக்கம்தான்.

"சூடா? நாங்க யாரும் போடலையேய்யா" என்றாள்.

டாக்டர் கயிற்றை விலக்கி மறுபடி குனிந்தார். யுத்தத்தில் பர்மாவில் இருந்தவர். புதர்க்காட்டில் கிடந்த சிப்பாய்களிடம் இதே பொருக்கைப் பார்த்திருக்கிறாராம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடம் அது. காய்ச்சல் அதனால் வந்தது. அபூர்வமாகக் கணையத்தையும் பிடித்துவிட்டது என்றார். ஊசி மருந்தை மாற்றினார். காய்ச்சல் இறங்கியது, வலியும் மெல்லப் போனது. சந்தேகப்பட்டதற்கு அவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. டாக்டர்கள் சொல்வதில்லை.

தேறியதும் ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்திருப்பதாகச் சொல்லி மனைவி அழைத்துப் போனாள். பால்குடத்தை இறக்கி வைத்த பிறகு, என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். என் மேல் விழுந்த பழி நீங்க வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பாள் என நினைத்தேன்.

"குடிச்சே இருந்தாலும் சரி, ஆளு பிழைச்சு வரட்டும்னு."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது.

"அப்போ நீயும் நம்பிட்ட?"

"நம்புனா என்ன, நம்பாட்டி என்ன? எனக்கு ஆளு வேணும்லா" என்றாள்.