கம்பத்துக்குக் கதவு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பத்திரிகை ஒன்று என்னைப் பற்றி எழுதியது. அதற்கு முன் என் பெயர் அச்சில் வந்தது என் கல்யாண அழைப்பிதழில் மட்டும்தான். நான் அப்போது கிள்ளானில் பஸ் பட்டறை மெக்கானிக். மாண்டலின், மௌத் ஆர்கன், ஆர்மோனியம், புல்லாங்குழல், உறுமி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பேன். பாட்டும் நானே கட்டுவேன். யாரிடமும் ஒழுங்காகக் கற்கவில்லை. கற்றுக்கொடுக்க வந்தவர்களோடெல்லாம் சண்டை பிடித்ததும் அதற்கு ஒரு காரணம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் எனக்கு மேடை கொடுத்தார்கள். ஐந்தையும் மாற்றி மாற்றி வாசித்தேன். கடைசியில் மௌத் ஆர்கனைக் கம்பி வளைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாண்டலினைக் கையில் பிடித்து, நான் பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றிப் பாடினேன். 'எங்க கம்பத்துல கதவு சாத்த மாட்டாங்க' என்று தொடங்கும் பாட்டு அது. இந்த நாட்டில் சிற்றூரைக் கம்பம் என்றுதான் சொல்கிறோம். மலாய்க்காரர்களிடம் வாங்கிய சொல், திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. என் அம்மா பேசிய சொல் எனக்குத் தமிழ்தான்.

விமர்சனம் எழுதியவர் ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், முறையாகச் சங்கீதம் படித்தவர். இப்படி எழுதியிருந்தார்: 'ஐந்து வாத்தியம் வாசிக்கிறார். ஐந்தில் ஒன்றாவது இவரை மன்னிக்குமா என்று தெரியவில்லை. கம்பத்தில் கதவு என்றும் பாடுகிறார். கம்பத்துக்குக் கதவு வைத்த தச்சன் யாரோ?'

திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழையும்போதே கதவு விலை என்ன என்று விசாரித்தார்கள். பகல் சாப்பாட்டுக்குள் என் பட்டப்பெயரே கம்பம் ஆகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த வாயோடு வீட்டுக்குப் போய், ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அந்த வாரம் முழுக்க இப்படித்தான். ஊரில் பட்ட அடிக்கெல்லாம் வீட்டில் மருந்து தேடினேன். என் மனைவி ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அவள் பேசாதது அதற்கும் மேலே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போகலாம் என்றாள். கும்பிட்டு வெளியே வந்ததும், பூக்கடைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டு ஒரு சந்துக்குள் திரும்பினாள். பின்னாலேயே போனேன். ஒரு வீட்டின் கேட்டைத் தட்டினாள். கதவைத் திறந்து வந்தவரைப் பார்த்த பிறகுதான் எங்கே வந்து நிற்கிறோம் என்று எனக்கு விளங்கியது. அந்த மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அதே வெள்ளைச் சட்டை, அதே மூக்குக் கண்ணாடி.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் நின்றேன், ஒரு நப்பாசைதான். கம்பம் என்றால் என்னவென்று இவள் கேட்கப்போகிறாள், என் பாட்டுக்காக வழக்காட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவர் எங்களை உள்ளே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஐயா, இவரு பாட்டுக்காரரு இல்லைங்க. பஸ் ரிப்பேர் பண்றவரு. மனசு ஆறுதலுக்கு ஏதோ வாசிக்கிறாரு. நானே கதவச் சாத்திக்கிட்டுத் துணி துவைக்கப் போயிடுவேன். இதப் போயி பேப்பர்ல போடணுமா?"

என் காது இரண்டும் சுட்டன. அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கம்பமெண்டா என்னெண்டு எனக்கும் தெரியும் தம்பி. ஒரு பகிடிக்கு எழுதிப்போட்டன். மனசிலை வையாதேங்கோ" என்றார்.

அந்த மனிதரிடம் சொல்ல ஒரு வாரமாக மனத்துக்குள் எத்தனையோ பேசிவைத்திருந்தேன். அவர் எங்கள் பக்கம் நகர்த்திய பிஸ்கட்டில் ஒன்றை எடுத்துத் தின்றேன்.

அடுத்த ஞாயிறு பத்திரிகையில் மறுபடியும் என் பெயர் இருந்தது. உழைப்பாளி ஒருவரின் ஆர்வத்தைக் குறை சொல்லக் கூடாது, குறைகள் இருந்தாலும் இத்தகையோரைத் தட்டிக்கொடுப்பது சமூகத்தின் கடமை என்று எழுதியிருந்தார். முதல் விமர்சனத்தில் நான் மோசமான பாடகன். இரண்டாவதில் நான் பாடகனே இல்லை. திட்டியபோது கோபம்தான் வந்தது. தட்டிக்கொடுத்தபோதுதான் வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிறகு ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். நான் வாய் திறப்பதற்கு முன்பே கை தட்டினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தட்டுவதுபோல.

அவளுக்கோ அந்த இரண்டாவது கட்டுரையில் ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு ஆன்டியிடம் அதைக் காட்டிவிட்டு வந்தவளை நிறுத்திக் கேட்டேன். என் பாட்டில் ஒன்றுகூட உனக்குப் பிடிக்காதா? குரல் உயர்த்தாமல்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் பயப்படவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"பிடிக்கும். நீங்க வாசிக்கிற நேரத்துல யாரையும் ஏச மாட்டீங்க" என்றாள்.

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.