நடக்கிற இடத்தில் நின்ற கார்கள்

எங்கள் தெருவில் பெண்களுக்கு முடிவெட்டுகிறவளை எல்லோரும் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். தொழிலுக்காக வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்காகவும் வந்ததுதான் என்று அவளிடம் சொல்லும் தைரியம் எங்களில் ஒருத்திக்கும் இருந்ததில்லை. தலையை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது யார் வம்பை விலைக்கு வாங்குவார்கள்?

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுழல் நாற்காலி, சுவரை அடைத்த கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குக் கல்யாண வயது. தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி இன்னும் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், பெண்ணைப் பிடித்திருக்கிறது, கூட வரும் இந்த இரண்டு மூட்டைகளைத்தான் யோசிக்கிறோம் என்று இழுத்ததாம். "மூட்டைய இறக்க முடியாது, நீங்க வேணா படி இறங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டு, அவள் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை அவள் எடுக்கவுமில்லை, எடுக்க விடவுமில்லை.

தங்கை அக்காவுக்கு நேரெதிர். அவள் பத்து வார்த்தை பேசினால் அன்று ஏதோ விசேஷம் என்று அர்த்தம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது கேட்காமல் போயிருந்தது. தெருமுனையைத் தாண்டி இருந்த பேக்கரியில் அவளுக்கு வேலை, கேக்குகளின் மேல் பூ வரைவதும் பெயர் எழுதுவதும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் வந்திருக்கிறது. தம்பி படித்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, கல்யாணம் செய்துகொண்டு மாடியில் குடியிருந்தான்.

தெருவின் நடுவில் இருந்த பழைய கிடங்கை இடித்துவிட்டு ஒருவர் மூன்று மாடிக்கு ஜிம் கட்டினார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள் ஓடுவது எங்கள் வாசலிலிருந்தே தெரியும். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு அவர்கள் வந்த கார்கள் நடைபாதையில் ஏற ஆரம்பித்தன. ஒன்று ஏறியது, அதைப் பார்த்து இன்னொன்று. கடைசியில் தெருவின் இரண்டு பக்கமும் பல் வரிசை மாதிரி கார்கள் நின்றன. சிலருக்கு வீட்டுக் கேட்டைத் திறக்கவே இடமில்லை. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுகிறவர்கள், புத்தகப் பை சுமக்கிற பிள்ளைகள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் சாலையில் இறங்கி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் நடந்தோம்.

"மிஷின் மேல ஒரு மணி நேரம் ஓடுறதுக்கு வர்றாங்க, காரை எங்கயாவது தள்ளி நிறுத்திட்டு நாலடி நடந்து வர மாட்டாங்களாம்" என்று அக்கா கத்திரியை ஆட்டிச் சொல்வாள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சிரிப்போம். அதோடு சரி. சிரித்துவிட்டு எழுந்து, மறுபடி சாலையில் இறங்கி நடந்து வீட்டுக்குப் போவோம். அனுசரித்துப் போவது என்று இதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தோம்.

நடைபாதையில் வரிசை கட்டி நிற்கும் கார்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை என்றானதும் ஜிம்காரருக்குத் துணிச்சல் வந்தது. காவிநிறப் பிளாஸ்டிக் கூம்புகளை நடைபாதையில் வரிசையாக வைத்து, 'உறுப்பினர்களின் வாகனங்களுக்கு மட்டும்' என்று ஒரு பலகையும் நட்டார். ஊர் நடக்கிற பாதையில் அவர் வீட்டுச் சொத்து போல ஒரு பலகை.

இதற்குள் தம்பியும் கார் வாங்கியிருந்தான். வாங்கிய அன்றே வீட்டு முன்னால் நடைபாதையில் ஏற்றி நிறுத்தினான். அக்கா முகத்தைச் சுளித்தாள். எல்லோரும் நிறுத்துகிறார்கள், நான் மட்டும் என்ன அரிச்சந்திரனா என்று அவன் கேட்டான். பேச்சு அங்கேயே நின்றது.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. தங்கை குடையோடு வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் தம்பியின் கார் நின்றதால் அங்கேயே சாலையில் இறங்கினாள். மறுபடி நடைபாதையில் ஏற ஓர் இடைவெளிகூட இல்லை. கார்களை ஒட்டியே நடந்து ஜிம் வாசல் வரைக்கும் போனாள். தண்ணீர் கேன் இறக்கிவிட்டு ஒரு வேன் ஜிம்முக்குள்ளிருந்து பின்பக்கமாக வெளியே வந்தது. அது வந்தது அவளுடைய இடது பக்கத்திலிருந்து. பின்னால் வருவதற்கான எச்சரிக்கை மணி அடித்தது, அந்தக் காதில் விழவில்லை, சாலைச் சத்தத்தில் மறு காதுக்கும் எட்டவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், உயரமான கார்கள் அவளை மறைத்துக்கொண்டிருந்தன. குடை பறந்து எதிர் வீட்டு மதிலில் மோதியதைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்திருந்தன. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வேன் டிரைவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். அக்கா அவரைத் திட்டவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போகச் சொன்னாள். அவள் கோபத்துக்கு வேறு விலாசம் இருந்தது. அந்த விலாசம் அவளுக்கே சரியாகத் தெரிந்தது போலீஸ் நிலையத்தில்தான்.

புகார் எழுதிக்கொடுத்த அவளிடம் அங்கிருந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"அவங்க எதுக்கும்மா ரோட்டுல நடந்தாங்க?"

அக்கா அவர் மேசையில் கையை ஊன்றினாள்.

"நடக்கிற இடத்துல கார் நிக்குதுங்க. அது எதுக்கு அங்க நிக்குதுன்னு இதுவரைக்கும் யாரையாவது கேட்டிருக்கீங்களா?"

அது வேறு துறை என்றார் அதிகாரி. காது கேட்காதவர்களைத் தனியாக அனுப்பலாமா என்றும் ஒரு புத்திமதி சொன்னார். இடிபட்டவள் மேலேயே ஒவ்வொரு குற்றமாக ஏற்றிவைப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றாள் அக்கா. சம்பவத்துக்குக் காரணம் பாதசாரியின் கவனக்குறைவு என்றுதான் அவர்கள் எழுதவும் செய்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது தம்பி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"வண்டிய எடு."

"எங்கக்கா போகணும்? ஆஸ்பத்திரிக்கா?"

"எங்கயும் போகல. இங்கேருந்து எடு. இனிமே இங்க நிறுத்தாத."

அவன் துணியை உதறினான். தான் ஒருவன் எடுத்தால் தெரு திருந்திவிடுமா என்றான். வேறு எங்கே நிறுத்துவது என்றான். கடைசியில் கேட்டான்.

"இடிச்சது என் காராக்கா?"

"இடிக்கல. ஆனா வாசல்லயே அவள ரோட்டுல இறக்கிவிட்டது உன் கார்தான்."

தம்பி சாவியை எடுத்தான், காரைக் கிளப்பினான், போய்விட்டான். அதன் பிறகு இரண்டு தெரு தள்ளி, தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். ஆனால் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் மனைவி, ஊரான் காரையெல்லாம் விட்டுவிட்டுச் சொந்தத் தம்பியைத்தான் விரட்டத் தெரியும் என்று மாடிப்படியில் நின்று காற்றிடம் சொன்னாள். காற்று அதைக் கீழே கொண்டுவந்து சேர்த்தது. தன் வீட்டு அழுக்கை முதலில் எடுக்காமல் அடுத்தவன் வாசலுக்கு எப்படிப் போவது என்று அக்கா எங்களிடம் மட்டும் சொன்னாள்.

பிறகு அடுத்த வாசல்களுக்குப் போனாள். நகராட்சியில், இது போக்குவரத்துப் போலீஸ் பார்க்க வேண்டியது என்றார்கள். போக்குவரத்துப் போலீஸில், நடைபாதை நகராட்சிக்குச் சொந்தம் என்றார்கள். இரண்டு அலுவலகங்களின் வாசலிலும் நடைபாதையில் கார்கள் நின்றன. ஜிம்மின் மேனேஜர், பெரிய மனசு பண்ணி, தங்கை குணமானதும் அவளுக்கு இலவசமாக உடற்பயிற்சி சொல்லித் தருவதாகச் சொன்னான். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அக்கா கத்திரியை எடுத்து, மறுபடி கீழே வைத்துவிட்டாள். இன்று வேண்டாம், இன்னொரு நாள் வா என்று என்னை அனுப்பிவிட்டாள்.

ஜிம்காரரின் மனைவியும் அக்காவிடம்தான் வருவாள். நல்ல பெண், வெள்ளை மனசு. அன்று தலை முழுக்கச் சாயம் பூசி, அது பிடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பேச்சுவாக்கில், கட்டும்போதே கார் நிறுத்தக் கீழ்த்தளத்தில் இடம் விட்டுத்தான் அனுமதி வாங்கினார்கள், அப்புறம் அதில் நீராவி அறையும் மசாஜ் அறையும் போட்டுவிட்டார்கள், கூட்டம் அதற்குத்தான் அதிகம் என்றாள்.

அக்கா அவள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்போ கார் நிக்க வேண்டிய இடத்துல ஆளுங்க படுத்திருக்காங்க. ஆளுங்க நடக்க வேண்டிய இடத்துல கார் நிக்குது. என் தங்கச்சி ஆஸ்பத்திரில கிடக்கிறா. உங்க வீட்டுக்காரர்ட்ட போய் இத அப்படியே சொல்லுங்க."

அந்தப் பெண் எழுந்து போக முடியாது, தலையில் சாயம். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்கள் நிறைந்துவிட்டன. அக்கா வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரம் வந்ததும் தலையை அலசி, உலர்த்தி, ஒழுங்காகச் சீவிவிட்டாள். அந்தக் கூம்புகள் போகிற வரைக்கும் இங்கே வர வேண்டாம் என்று வாசல் வரை போய்ச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அந்த விஷயத்தையும் எழுதி நகராட்சியில் கொடுத்தாள். பார்க்கிறோம் என்றார்கள். பார்த்தார்களா என்று தெரியாது. எங்களுக்குத்தான் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

யோசனை அக்காவுடையது. கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். ஜிம்மில் கூட்டம் அதிகமாக இருக்கிற காலை நேரத்தில், அவரவர் வேலைக்குப் போகிற மாதிரியே போவோம். ஓரமாக ஒண்டிக்கொண்டு போக வேண்டாம், சாலை நடுவில் போவோம். அவ்வளவுதான். பால் வாங்கப் போகிறவள் பாத்திரத்தோடு வந்தாள், பள்ளிக்கு விடப் போகிறவள் பிள்ளையோடு வந்தாள். நான் ஆபீஸ் பையோடு போனேன். பெண்கள் மட்டும் என்றுதான் ஆரம்பித்தது. எதிர் வீட்டுப் பெரியவர், வாக்கிங் என் உரிமை என்று சொல்லிக்கொண்டு கைத்தடியோடு சேர்ந்துகொண்டார். அவர் இருந்ததால் எங்கள் வேகம் இன்னும் குறைந்தது, அதுவும் நல்லதுக்குத்தான்.

பின்னால் ஹாரன்கள் காதைக் கிழித்தன. ஒரு காரிலிருந்து, கழுத்தில் துண்டு போட்டிருந்த ஓர் ஆள் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"நடைபாதைல போக வேண்டியதுதானே?"

அக்கா நின்றாள். திரும்பி அவர் கார் வரைக்கும் போனாள்.

"இறங்கி வாங்க சார். நீங்க எப்படிப் போறீங்கன்னு எங்களுக்கு ஒரு தடவை நடந்து காட்டுங்க."

அவர் வீம்புக்கு இறங்கினார். நடைபாதையைப் பார்த்தார். இரண்டு கார்களுக்கு நடுவில் உடம்பைத் திருப்பி நுழையப் பார்த்தார், வயிறு சிக்கியது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அன்று அவர் உடற்பயிற்சிக்குப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்தடுத்த நாள்களும் நடந்தோம். ஒரு காலையில் திரும்பிப் பார்த்தால், கூட்டத்தின் கடைசியில் தம்பி நடந்து வந்துகொண்டிருந்தான். அக்காவும் பார்த்தாள். அன்று சாயந்திரம் அவன் கீழே வந்து சாப்பிட்டான்.

நெரிசல் எங்கள் தெருவைத் தாண்டிப் பெரிய சாலை வரைக்கும் பிடித்துக்கொண்ட பிறகுதான் மேலிடத்துக்கு வலித்தது. மேலதிகாரி ஒருவர் வந்தார். கூடவே நகராட்சி ஆட்களும் வந்தார்கள். பல மாதமாகத் தெரியாத எல்லைகள் அவர்களுக்கு ஒரே நாளில் தெரிந்தன. ஜிம்மின் கீழ்த்தளத்தைப் பார்த்தார்கள், கட்டட அனுமதியை எடுத்துப் பார்த்தார்கள், மசாஜ் அறைகளை இடிக்கச் சொன்னார்கள். பலகையும் கூம்புகளும் குப்பை லாரியில் போயின. நடைபாதை ஓரத்தில் கார் ஏற முடியாதபடி இரும்புத் தூண்கள் நட்டார்கள். ஜிம்காரர் எங்கள் பக்கம் வரவேயில்லை. அவர் மனைவி மட்டும் பிறகு ஒருநாள் அக்கா கடைக்கு வந்து, தங்கை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

வேலை முடிந்ததும் கவுன்சிலர் விழா வைத்தார். நடைபாதையைத் திறந்துவைப்பதாம். அது எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து திறந்துதான் கிடந்தது. தங்கை அப்போது கைத்தடி ஊன்றி மெல்ல நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, இனி அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைத்தான் முதலில் நடக்கவைத்துப் படமெடுக்க வேண்டும் என்று கவுன்சிலருக்கு ஆசை. ஆள்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"உங்களுக்காகத்தாம்மா இவ்வளவும் செஞ்சிருக்கோம்" என்றார்.

தங்கை வலது காதை அவர் பக்கம் திருப்பி முழுவதையும் கேட்டாள். அக்கா வாயைத் திறக்கப் போனாள். தங்கை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்காகச் செஞ்சோம்னு சொல்லாதீங்க. விழறதுக்கு முன்னாடியும் நான் இதே தெருவுலதான் நடந்தேன். அப்போ என்னை யாருக்கும் தெரியல. ஒரு ஆள் விழுந்தாத்தான் தூண் நடுவீங்கன்னா, தூண் இல்லாத தெருவெல்லாம் யார் விழுறதுக்காகக் காத்துக்கிட்டிருக்கு? நான் படத்துக்கு வரல."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. கவுன்சிலர் செருமினார், கடிகாரத்தைப் பார்த்தார், நேரமாகிறது என்று எழுந்தார். விழா நடந்தது. யாரோ ஒரு குழந்தையை நடக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

போலீஸ் எழுதிய அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தை இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி அக்கா கோர்ட்டில் மனு போட்டிருக்கிறாள். தள்ளிவைத்துத் தள்ளிவைத்து இழுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கடையைச் சாத்திவிட்டு, தங்கையையும் கூட்டிக்கொண்டு போகிறாள். போகும்போது இரண்டு பேரும் நடைபாதையின் நடுவில்தான் நடக்கிறார்கள். தங்கைக்குக் கோர்ட்டுப் படியில் ஏற நேரமாகும். பின்னால் வருகிறவர்கள் அவசரப்பட்டால், அக்கா திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள்.