ஒரே ஞாயிற்றுக்கிழமை

வக்கீலம்மா போய்விட்டார். செய்தியைச் சொன்னது என் தங்கை செல்வி. ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது. "அண்ணே, வக்கீலம்மா தவறிட்டாங்க. காலையிலதான். நீ வந்துருவேல்ல?" என்றாள். அந்தக் கடைசிக் கேள்வி சுருக்கென்றது. நான் வராமல் இருந்துவிடுவேனோ என்று அவள் பயந்ததில் நியாயம் இருந்தது.

மதுரைப் பக்கத்துக் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்த நமக்கெல்லாம் அவரைத் தெரியும். எந்தப் பிள்ளை எந்த இல்லத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்ய அரசு வைத்திருந்த குழுவில் அவர் நெடுங்காலம் உறுப்பினர். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். கோபம் தலைக்கேறினால் தமிழை விட்டு வீட்டு மொழிக்குப் போய்விடுவார். என்ன திட்டு என்றே புரியாமல் எதிரே நிற்கும் அதிகாரியின் முகம் சுருங்கும். பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கோபம் கிடையாது. நாற்காலியை விட்டு எழுந்து வந்து பெஞ்சில் நம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "அண்ணாந்து பாக்க வச்சா பிள்ளை உண்மையச் சொல்லாது" என்பார்.

எங்கள் ஊர் திருவாதவூரில் அம்மா இறந்தார். அப்பா வேலைக்கென்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. பெரியப்பா எங்கள் இருவரையும் அந்தக் குழுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது, செல்விக்கு நாலு. ஆணையும் பெண்ணையும் ஒன்றாக வைத்துக்கொள்கிற இல்லம் எதுவும் கிடைக்கவில்லை. நான் சமயநல்லூர்ப் பக்கம் ஒரு டிரஸ்ட் இல்லத்துக்குப் போனேன், அவள் நகரத்துக்குள் ஒரு பெண்கள் இல்லத்துக்குப் போனாள். "மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்யா, அழுகாத" என்று வக்கீலம்மா சொன்னார். நானும் நம்பினேன்.

கிராமத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் குழம்பக்கூடாது, பிள்ளைகளை வந்து பார்க்கிற பார்வை நாள் எல்லா இல்லங்களுக்கும் ஒரே ஞாயிறாக இருக்கட்டும் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். நல்ல யோசனைதான். ஆனால் பார்வை நாளன்று எந்த இல்லமும் பிள்ளையை வெளியே விடாது. தேடி வருகிறவர்கள் ஏமாந்து திரும்பக்கூடாதல்லவா! ஆக, நான் என் இல்லத்து வாசலில் நின்று தங்கையை எதிர்பார்த்தேன். அவள் அவளுடைய இல்லத்து வாசலில் நின்றாள். இரண்டு இல்லமும் சொன்னபடியேதான் நடந்தன. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது, யாருக்கும் உறைக்கவில்லை.

ஒருநாள் இல்லத்தைப் பார்வையிட வந்தபோது, "தங்கச்சி எப்படிய்யா இருக்கா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"அவ வரவே இல்ல. என்னையும் விட மாட்டேங்கிறாங்க."

அவர் வார்டனைப் பார்த்தார். வார்டன் பார்வை நாள் வழக்கத்தைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே என்னைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.

செல்வி என்னைப் பார்த்ததும் ஆயாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "இது யாரு?" என்றாள். நான் வக்கீலம்மாவிடம் திரும்பி, "எல்லாம் உங்களாலதான்!" என்று கத்தினேன். ஆயா என் வாயைப் பொத்த வந்தார்.

"விடும்மா, அவன் சொல்றது சரிதான்" என்ற வக்கீலம்மா என்னைப் பார்த்து, "ஆமாய்யா, என்னாலதான்" என்றார்.

அடுத்த மாதமே இரண்டு இல்லங்களுக்கும் வெவ்வேறு ஞாயிறு வந்தது. அதன்பிறகு குழுவில் எந்தப் பிள்ளை வந்தாலும், "எங்க வைக்கிறதுன்னு அப்புறம் பாப்போம். இதுக்கு யாரு யாரு இருக்கா, அத முதல்ல சொல்லுங்க" என்று கேட்பாராம். செல்வி மெல்ல மெல்ல என்னிடம் ஒட்டிக்கொண்டாள், அவரிடமும் ஒட்டிக்கொண்டாள். நான்தான் அவரிடம் ஒட்டவில்லை. ஓடிப்போன அப்பா மேல் காட்ட முடியாத கோபத்தை, ஓடாமல் எதிரே நின்றவர் மேல் காட்டிக்கொண்டே வளர்ந்தேன்.

செல்வியின் கல்யாணத்துக்கு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் எம்மேல கோவமாய்யா?" என்று கேட்டார். "சாப்ட்டுத்தான் போகணும்மா" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டேன். கேட்டது காதில் நன்றாகவே விழுந்தது.

வக்கீலம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்து திரும்பும்போது செல்வி சொன்னாள்: "பாக்கப் போறப்பல்லாம் கேப்பாங்கண்ணே, ஒங்கண்ணனுக்குக் கோவம் போயிருச்சான்னு."

"நீ என்ன சொன்ன?"

"போயிருச்சுன்னுதான் சொல்லுவேன்."

"நம்புனாங்களா?"

"நம்பியிருந்தா மறுபடியும் மறுபடியும் கேப்பாங்களா?"

நம்மைப் பிரித்தவர்கள், சேர்த்தவர்கள், வளர்த்தவர்கள் என்று எத்தனையோ பெரியவர்களைப் பார்த்துவிட்டோம். ஒரு சின்னப் பையன் முன்னால் "என்னாலதான்" என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வார்த்தையைத்தான். இனி அதைச் சொல்ல வேண்டியவன் நான். வாசலில் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவரை நிற்க வைத்தேன்.