பயன் சொல்லாத பாட்டு

மழையில் நனைந்த வேட்டிகளின் ஈரமும் கர்ப்பூரப் புகையும் துறைமுகத்திலிருந்து வரும் எண்ணெய் வாடையும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் கோயில் மண்டபத்தில், பதினான்கு வயதிலேயே ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால் பலகையிட்டு அமரும் உரிமை எனக்கு இருந்தது. வகுப்பில் தமிழில் முதல்வன் என்பதாலும் பிசிறில்லாத குரல் வாய்த்திருந்ததாலும், மாரிகாலத்தில் மத்தியானப் பூசைக்குப் பின் நடக்கும் புராணப் படிப்பில் பாட்டை இசையோடு வாசிப்பவன் நான். அதற்குப் 'பயன்' சொல்பவர், அதாவது சபைக்குப் பொருள் விரிப்பவர், என் தகப்பனார். துறைமுக அலுவலகமான 'கந்தோரில்' எழுதுவினைஞராக இருந்தபோதும், திருகோணமலையில் எங்கள் பகுதியில் எவரும் அவரைப் 'பண்டிதர் ஐயா' என்றன்றி அழைத்ததில்லை. வீட்டுப் பிணக்குகள்கூட அவர் சபையில் சொன்னதை வைத்தே தீர்ந்தன. அதில் எங்கள் குடும்பத்துக்குப் பெருமை இருந்தது.

அந்த ஆண்டு எங்கள் குறுகிய ஒழுங்கையில், வேலிக்கு அடுத்த தாய்வீட்டில், தவமணி அக்கா இருந்தார். மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானில் வாழ்க்கைப்பட்ட அவர், கணவனின் அடி தாங்காமல், ஒரு சூட்கேசோடு 'லோஞ்ச்' படகில் குடாவைக் கடந்து வந்திருந்தார். திருப்பி அனுப்புவதா, வைத்திருப்பதா என்று தாயார் முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நாங்கள் அந்தப் பாட்டுக்கு வந்து சேர்ந்தோம். வேடம் மாறி வந்த இறைவன் மனைவியைத் தரும்படி கேட்க, இல்லை என்று சொல்லாத விரதம் பூண்ட தொண்டர் மகிழ்ந்து கொடுத்துவிடும் கதை அது. செய்தி கேட்ட மனைவி முதலில் கலங்கினாள் என்றும் பின்பு தெளிந்தாள் என்றும் அதில் வரும். அப்பா அவள் தெளிந்ததற்கு நெடுநேரம் பயன் சொன்னார், கலங்கியதைக் கடந்துபோனார்.

பெண்கள் பக்கத்திலிருந்து தவமணி அக்காவின் குரல் எழுந்தது. "ஐயா, குடுக்க முதல் அவவிட்ட ஒருக்காக் கேட்டவரோ?"

சபையில் சிரிப்புப் பரவியது. "புருசனை விட்டிட்டு வந்தவைக்குத்தான் இப்பிடிக் கேள்வியெல்லாம் வரும்," என்றார் தூணில் சாய்ந்திருந்த கடைக்காரர் ஒருவர்.

அப்பா சிரிக்கவில்லை. "பிள்ளை, புருசன் வேறை பெண்சாதி வேறை எண்டால்தானே கேக்கவேணும்? அவளின்ர சம்மதம் அவனுக்குள்ளயே இருக்கு," என்றார்.

"எண்டாலும் ஐயா, கலங்கினவ எண்டு..."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அடுத்த பாட்டை என்றுமில்லாத உச்சத்தில் எடுத்தேன். அக்கா கேட்கவந்தது என் குரலுக்குள் மூழ்கிப்போயிற்று. வீடு திரும்பும் வழியில், வாசிப்பு அன்று மிகச் சிறப்பாக இருந்ததென்று பலர் பாராட்டினார்கள். அதை நான் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டேன் என்பதையும் எழுதியாகவேண்டும்.

மறுநாட் காலை அக்காவின் தாயார் சூட்கேசை வெளியே எடுத்து வைத்தார். "பண்டிதர் ஐயா சபையில சொன்னாப் பிறகு உன்னை நான் என்னெண்டு வைச்சிருக்கிறது? எழும்பு, லோஞ்ச் போயிடும்," என்று அவர் சொன்னது எங்கள் 'குசினி' அடுப்படி வரைக்கும் கேட்டது. வேலிக்கு மேலால் அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் முதல்நாள் சொன்ன பயனை மறுநாள் மாற்றிச் சொல்பவரை அடுத்த ஆண்டு எந்தச் சபை அழைக்கும்? அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். நான் அவரைப் பார்த்துவிட்டு என் பாடப்புத்தகத்தைப் பார்த்தேன். ஒழுங்கையில் காலடிச் சத்தம் கேட்டு, குறைந்து, நின்றது.

அடுத்த மாரியில் அக்கா படிப்புக் கேட்க வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் அமர்ந்து, தலையைத் திருப்பி வலது காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டார். கணவன் அடித்ததில் மற்றக் காது கேட்காமல் போனதென்று பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது எங்களுக்கும் எட்டியிருந்தது. அதே பாட்டை நான் வாசித்து நிறுத்தினேன். அப்பா பெண்கள் பக்கம் பார்த்தார்.

"இதுக்குப் பயன் சொல்ல எனக்கு ஏலாது. அங்கால படி, தம்பி," என்றார் பிறகு.

அக்கா கடைசிப் பாட்டு வரைக்கும் இருந்துவிட்டு, கட்டைபறிச்சானுக்கே போனார். அப்பா அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் பயன் சொல்ல அமரவில்லை.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் பஸ்ஸிலேயே போகிறார்கள். மண்டபத்தில் பதிவுசெய்த படிப்பு ஒலிபெருக்கியில் போகிறது. பயன் சொல்ல ஆளுமில்லை, இடையில் கேள்வி கேட்க வழியுமில்லை. அண்மையில் வந்த கோயில் மலரில் ஒருவர், முதுமையினால் அந்தப் பாட்டின் பொருள் மறந்துபோய்ப் பண்டிதர் ஐயா விலகிக்கொண்டார் என்று மரியாதையோடு எழுதியிருக்கிறார். இந்தக் கதை ஊரில் நெடுங்காலமாக உண்டு. குடும்பத்துக்கு அதுவே கௌரவம் என்று நானும் இதுவரை தலையாட்டியே வந்திருக்கிறேன்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. பொருள் அவருக்கு மறக்கவில்லை.