வெட்டினால் முடிந்தது என்று நினைத்தேன்

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு முறை மண் சரிந்தது; அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. மண் சரிந்த அன்றைக்கு எல்லோரும் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்ததால் பிழைத்தோம். அது இருக்கட்டும்.

என் மனைவி ராமாயிக்கு மார்பில் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்ததும், ஐந்து வருஷத்துக்குத் தினமும் ஒரு ஹோர்மோன் மாத்திரை என்றார்கள். அதைக் குடிக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு விரல் மடங்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைய முடியாமல் அழுதாள்.

"கட்டியத்தான் வெட்டிட்டாங்களே, இனி எதுக்கு இந்த வேதனை? விட்டுரு புள்ள," என்றேன். இரண்டு மாதம் மாத்திரையை விட்டுவிட்டாள்.

கிளினிக்கில் உண்மையைச் சொன்னேன். டொக்டர் அம்மா ஏசவில்லை. "கண்ணுக்குத் தெரியாம ஏதும் மிஞ்சியிருந்தா, அத வளர விடாம தடுக்கத்தான் இந்த மாத்திரை," என்றார்.

ராமாயி என்னைப் பார்த்தாள். "தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டியே கெழடானவரு. வெட்டுனது துளிர்க்கும்னு தெரியாதாம்!"

வேறு மாத்திரை உண்டா என்று அவளே கேட்டாள். விரலை இவ்வளவு வாட்டாத ஒன்று உண்டு என்ற டொக்டர், அதன் தொல்லைகளையும் ஒளிக்கவில்லை. உடம்பு கொதிக்குமாம். அபூர்வமாகக் காலில் இரத்தம் உறையலாமாம், கால் வீங்கினால் உடனே வர வேண்டுமாம். ராமாயி தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள்.

"சூட்டத் தாங்கிக்குவேன். கால தெனம் பார்த்துக்குறேன். அதையே குடுங்கம்மா."

சேலை எடுக்கக்கூட என்னைக் கேட்பவள். இதை அவளே முடிவு செய்தாள்.

இப்போது என்ன வலி வந்தாலும் முதலில் கிளினிக்கில் சொல்கிறோம், நாங்களாக மாத்திரையை நிறுத்துவதில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது, மகள்தான் எழுதுகிறாள். என்னைப் போல ஆட்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.