கரைக்குக் காலணா

ஆடிப் பதினெட்டன்று ஜேடர்பாளையத்தில் காவிரியில் குளிக்கப் போனேன். மணலில் கயிறு கட்டி, முக்காலி போட்டு, கரையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஆளுக்குக் காலணா வசூலித்துக்கொண்டிருந்தார். முரட்டு மீசை. ஒவ்வொரு காசையும் வாங்குமுன் ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு.

"காவேரித்தாய்க்கே கட்டணமா?" என்று சீறினேன்.

"ஆத்துக்கு ஆருங்க காசு கேட்டா? நீங்க மிதிக்கிற மணலுக்குத்தானுங்க."

கொடுத்துவிட்டுக் குளித்தேன். சற்றைக்கெல்லாம் வெள்ளம் ஏறி, மணலை மூடி, முக்காலியின் காலை நனைத்தது. அவர் எழுந்து கயிற்றைச் சுருட்டினார்.

"கரை முழுகிப்போச்சு, இனிக் காசில்லீங்க!"

கூட்டம் சும்மாவே இறங்கியது. என் காலணாவைத் திருப்பிக் கேட்டேன்.

"நீங்க வந்தப்பக் கரை இருந்துச்சுங்களே, சாமி."

எனக்கு ஆத்திரம்தான். ஆனால் முக்காலியை நாலடி பின்னால் நகர்த்திப் போட்டு வசூலைத் தொடர்ந்திருந்தால் யார் தட்டிக் கேட்டிருப்பார்கள்? அவர் ஏன் நகர்த்தவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.